அடைப்பு நீங்கிய வீடு

பூங்கோதை அந்த வீட்டில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். இடமில்லை என்றால் நாற்காலி இல்லை. தரை இருந்தது, தரைக்கு என்ன குறைச்சல், முகம் தெரிகிற மாதிரி புது டைல்ஸ், உட்கார்ந்தால் அவள் புடவையிலிருந்து பஸ் அழுக்கு அதில் ஒட்டிவிடுமோ என்று டைல்ஸுக்காகப் பயப்படவேண்டியிருந்தது. மணி பத்து இருபது. புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் கையெழுத்து முடிந்துவிடவேண்டும் என்று வீட்டுக்காரம்மா குமுதா மேடம் சொல்லியிருந்தார். மேல்மாடியில்தான் அவர் வீடு, பதினோரு மணிக்கு வாடகை ஒப்பந்தப் பத்திரத்தோடு இறங்கி வருவார், வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு முன்னாலேயே போய் நிதானமாகப் பார் என்று அவரே போனில் சொன்னார். நிதானமாகப் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு அடுக்களை, எல்லாம் பெயர்த்துப் புதுசாகப் போட்டது, பால்கனியைத் தொட்டுக்கொண்டு ஒரு புங்கமரம். அடையாறில் உள்ளே தள்ளி இருக்கிற இந்தக் குறுக்குத்தெருவில் ஹார்ன் அடிக்கிறவன்கூட மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் அடிக்கிறான். பதினோரு வருஷமாகச் சூளைமேட்டில் மாவு மில்லுக்கு மேலே குடியிருந்தவளுக்கு இந்த அமைதி காதை அடைத்தது. எல்லாம் சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும், ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஆனால் இந்த வீட்டுக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை அவள் பெற்ற தாயைச் சாகடித்திருந்தாள். விஷம் வைத்தோ தலையணையை அழுத்தியோ இல்லை, வாயால்தான். ‘அம்மா தவறிட்டாங்க மேடம்.’ அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. அந்தத் தாய் தையல்நாயகி அதே நேரத்தில் சூளைமேட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபத்துமூன்று வயசு, சர்க்கரை கொஞ்சம், முட்டிவலி நிறைய, மற்றபடி ஆள் திடமாகத்தான் இருக்கிறாள்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று நாலு நாளாக யோசிக்கிறாள், பிடிபடவில்லை. அன்றைக்கு புரோக்கரை அனுப்பிவிட்டு குமுதா மேடமே வீட்டைச் சுற்றிக் காட்டினார். இது இழுத்தால் வரும், இது தள்ளினால் மூடிக்கும், இந்தக் குழாயில் வெந்நீர், இதில் பச்சைத்தண்ணீர். பாத்ரூமில் உட்காருகிற டாய்லெட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பார்த்ததும் பூங்கோதைக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, ஏனென்றால் சூளைமேட்டில் டாய்லெட் கீழே, வீடு மேலே, நடுவில் செங்குத்தாக இருபத்திரண்டு படி, அம்மா ஒவ்வொரு தடவையும் சுவரைத் தடவிக்கொண்டு, முருகா முருகா என்று இறங்கி, ஏறி, ஐப்பசி மழையில் ஒரு நாள் வழுக்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கைப்பிடி அம்மாவுக்கு என்று அப்போதே மனசில் எழுதிவிட்டாள். சத்தியமாக அம்மாவுக்கென்றுதான் நினைத்தாள், இதை யார் தலையில் அடித்து வேண்டுமானாலும் சொல்வாள். அப்புறம்தான் குமுதா மேடம் ஹாலுக்கு வந்து குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார், உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா, இங்க முன்னால ஒரு பேங்க் மேனேஜர் இருந்தாரு, அவரோட அம்மா இதே ஹால்லதான் போனாங்க, போனவங்க அவிட்டத்துல போனாங்க. அவிட்டத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு. செத்தவர் திரும்பி வந்துவிடுவார் என்று வீட்டைப் பூட்டி, விளக்கேற்றி, ஒருத்தரும் புழங்காமல் வைக்கவேண்டும். பேங்க் மேனேஜர் பதினாறாம் நாளே சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டாராம். குமுதா மேடம் ஆறு மாதம் பூட்டி வைத்தார், மூன்று சாஸ்திரிகளை வைத்து ஹோமம் பண்ணினார், அப்புறமும் வருகிறவர்கள் வாட்ச்மேனிடம் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள், கடைசியில் தரையையே பெயர்த்து எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதுசாகப் போட்டார். அதனாலதான் வயசானவங்க இருக்கிற குடும்பத்துக்குக் கொடுக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன், தப்பா நினைக்காதீங்க, என்னால இன்னொரு தடவை முடியாது, இந்த பில்டிங்கே என்னைக் குத்தம் சொல்லிச்சு. சொல்லிவிட்டு, நீங்க தனியாளுன்னு புரோக்கர் சொன்னாரு, அம்மா அப்பா? என்று கேட்டார். அப்பா போய்ப் பத்து வருஷமாச்சு மேடம். அது நிஜம். அம்மா? இந்த இடத்தில்தான் அவள் வாய், அவளைக் கேட்காமல், அடுத்த படியிலும் காலை வைத்துவிட்டது.

சரி, பொய் சொன்னாய், வீடு தேடுகிற ஊரில் பொய் சொல்லாதவர் யார். கறி சாப்பிடுகிறவன் சைவம் என்கிறான், ரெண்டு பிள்ளை இருக்கிறவன் ஒன்று என்கிறான், பூனை வளர்க்கிறவன் பூனையை அத்தை வீட்டில் விட்டு வைக்கிறான். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் அழுதாள். அதுதான் நாலு நாளாகத் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்தது. குமுதா மேடம், அய்யோ பாவமே, என்று அவள் கையைப் பிடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நடிப்பு இல்லை, நிஜத் தண்ணீர், மூக்கெல்லாம் சிவந்து, புடவைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க வந்தது. யாருக்காக அழுதாய் பூங்கோதை? உயிரோடு இருக்கிறவளுக்காகவா? இல்லை, நாற்பத்திரண்டு வயசில் யாரோ ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டதற்காகவா? மேலே கூட்டிக்கொண்டு போய் ரவா கேசரியும் காபியும் கொடுத்தார்கள். அதையும் சாப்பிட்டாள். முந்திரிப் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது, ஒன்றுகூட விடவில்லை. அம்மா செத்த துக்கத்தில் கேசரி தின்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றதற்குப் போதும் மேடம் என்று சொல்லி, அப்புறம் போட்டதையும் தின்று, வீட்டுக்குப் போனால் அம்மா சுடச்சுடக் கீரைக்குழம்பு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ஏண்டி சரியாச் சாப்பிடலை, வீடு பிடிக்கலையா? பிடிச்சிருக்கும்மா. பின்னே என்ன? தலைவலிக்குது. அம்மா எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தைலம் எடுத்து வந்து நெற்றியில் தேய்த்தாள். அந்தக் கை நெற்றியில் படுகிறபோது பூங்கோதைக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்தவள் கை. சீ, என்ன நினைப்பு இது.

பத்து முப்பத்தைந்து. படுக்கையறைக்குள் போனாள். ஜன்னல் ஓரமாகக் கட்டில் போடலாம், இந்தப் பக்கம் சின்ன மேசை, அலமாரியில் மேல்தட்டில் புடவை, கீழ்த்தட்டில் தரமணி மருந்துக் கம்பெனியில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சுடிதார்கள். காலடியால் அளந்து பார்த்தாள், ஆறடிக்கு மூன்றடி, ஒற்றைக் கட்டில் நன்றாக விழும். ஒற்றைக் கட்டில். ரெண்டாவது தடவை அளந்தபோதுதான் உறைத்தது. அம்மா எங்கே படுப்பாள்? ஹாலில் என்று உடனே மனசு சொல்லிற்று, ரொம்ப சீக்கிரமாகச் சொல்லிற்று, ஹாலில் ஒரு திவான் போட்டால் போச்சு. அந்த பேங்க் மேனேஜரும் அப்படித்தானே போட்டிருப்பான், அவனும் இதே மாதிரி எதையோ பார்த்து நெஞ்சு அடைத்துத்தானே அந்தம்மாவைக் கூட்டி வந்திருப்பான். ஒரு படுக்கையறை வீட்டை எடுக்கும்போதே நீ யாரை எண்ணி எடுத்தாய்? ரெண்டு படுக்கையறை நம் கைக்கு எட்டாது என்பது வாஸ்தவம், ஆனால் இந்த நாலு நாளில் ராத்திரி கண்ணை மூடினால் வருகிற வீட்டில் யார் இருந்தார்கள்? பால்கனியில் ஒரு நாற்காலி இருந்தது, அதில் பூங்கோதை உட்கார்ந்து காபி குடித்தாள், டிவி சத்தம் இல்லை, இருமல் இல்லை, விடிகாலையில் முருகா இல்லை, எத்தனை மணிக்கு வருவே, ஏன் லேட்டு, யாருகிட்ட போன்ல பேசுறே இல்லை. அந்த வீட்டில் அம்மா இல்லவே இல்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வாய் தவறி வரவில்லை, அது ரொம்ப நாளாக உள்ளேயே உட்கார்ந்திருந்து, கதவு திறந்ததும் வெளியே வந்திருக்கிறது. இந்த இடத்தில் பூங்கோதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்படி இல்லை, இல்லவே இல்லை, அண்ணன் குணசேகரன் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிப் புடவை அனுப்புகிறான், அவன் பெண்டாட்டி அம்மாவைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவிடவில்லை என்று கூட்டிக்கொண்டு வந்தவள் யார், மாத்திரையை நாள் வாரியாக டப்பாவில் போட்டு வைக்கிறவள் யார், நகம் வெட்டி விடுகிறவள் யார்? எல்லாம் நீதான். நகம் வெட்டிவிட்ட அதே வாய்தான் சொல்லிற்று என்று தப்பும் தவறுமாக நினைத்து, நகத்தை வாயாலா வெட்டுவார்கள் என்று தன்னையே கேலி பண்ணிக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

பயம் வேறு. சாயங்கால வேளையில் அபசகுனமாக யாராவது பேசினால் அம்மா விடமாட்டாள், வாயைக் கழுவுடி, அஸ்து தேவதைங்க சுத்திக்கிட்டே இருக்கும், எதைச் சொன்னாலும் அப்படியே ஆகட்டும்னு சொல்லிட்டுப் போயிடும் என்பாள். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். பெரிய மனுஷர்கள் தெரு, தேவதைகளும் நிம்மதியாக நடமாடுகிற தெரு, அதில் ஒன்று காதில் வாங்கியிருந்தால்? திங்கட்கிழமை அம்மாவுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல், ஐஸ் மோர் குடித்த இருமல். பூங்கோதை ராத்திரி பூரா விழித்திருந்து அம்மாவின் முந்தானை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். செவ்வாய்க்கிழமை இருமல் போய்விட்டது, போனதும் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. சித்தி. எங்க சித்தி மேடம், அம்மாவோட கூடப்பிறந்தவங்க, ஊர்லேர்ந்து அப்பப்போ வந்து தங்குவாங்க. அப்பப்போ என்பதை மெல்ல மெல்ல எப்போதும் ஆக்கிவிடலாம், அதற்குள் குமுதா மேடத்துக்கு அம்மா பழகிவிடுவாள், அம்மா ஒரு வத்தக்குழம்பு வைத்துக் கொடுத்தால் யாரும் விழுந்துவிடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாய் வரவேண்டுமே. அவசரத்தில் அம்மா என்று கூப்பிட்டுத் தொலைத்தால்? பழகிக்கொள்ளவேண்டும். ஆள் இல்லாத படுக்கையறையில் நின்றுகொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், ‘சித்தி.’ காலி வீடு, சாமான் இல்லாத சுவர், சத்தத்தை இன்னொரு தடவை சொல்லிக் காட்டியது. ‘சித்தி, மாத்திரை போட்டியா?’ போட்டீங்களா என்று கேட்கவேண்டும், சித்தியை நீ வா போ என்று பேசுவது நன்றாக இருக்காது. ‘சித்தி, மாத்திரை போட்டீங்களா?’ நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்த வார்த்தை வெளியே வரமுடியாமல் உதட்டுக்குப் பின்னால் முட்டியது. வெட்கமாக இருந்தது. யாருமே பார்க்கவில்லை, இருந்தும் மானம் போன மாதிரி இருந்தது. அம்மாவுக்கும் இதைச் சொல்லித் தரவேண்டும், நீ என் சித்தி, உன் பேர் தையல்நாயகி இல்லை, வேறே ஏதாவது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பத்து ஐம்பதுக்கே குமுதா மேடம் வந்துவிட்டார். பத்திரம், ஸ்டாம்ப் பேட், ஒரு டம்ளர் பால், அதைப் புது அடுப்பில் காய்ச்ச ஒரு சின்னப் பாத்திரம் வரைக்கும் கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் ஏமாற்றினோம் என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

“என்னம்மா முகமே வாடியிருக்கு? காலையில சாப்பிட்டியா இல்லியா?”

“சாப்பிட்டேன் மேடம்.” அம்மா ஊட்டிவிடாத குறையாக ரெண்டு இட்லி திணித்து அனுப்பியிருந்தாள்.

“அம்மா இருந்திருந்தா இன்னைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க,” என்று குமுதா மேடம் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். “ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். அம்மா திதி எப்போ வருது? தனியா என்ன செய்வே, வாழைக்காய் வறுக்கிறதுக்குக்கூட ஆள் வேணாமா. அன்னைக்கு நான் சமைச்சு அனுப்பறேன், நீ இலை போட்டுப் படைச்சா போதும். எந்த மாசம்?”

பூங்கோதை பால் பாத்திரத்தை நேராக நகர்த்தி வைத்தாள். “திதி... வீட்டுல எழுதி வெச்சிருக்கேன் மேடம். பாத்துச் சொல்றேன்.”

“பெத்தவ திதியைப் பாத்துச் சொல்றியா?” கேலியாகத்தான் கேட்டார், அப்புறம் அவரே இரக்கப்பட்டு, “சரி சரி, துக்கத்துல மறந்து போகும். நட்சத்திரம் என்னன்னும் கேட்டு வை, எனக்கு அது ஒரு பைத்தியம். அடடா, கண்ணாடியை மேலயே வெச்சுட்டேன். அது இல்லாம கையெழுத்து எங்க போடறதுன்னே தெரியாது. பாலைப் பாத்துக்கோ, பொங்கட்டும், வந்துடறேன்.”

லிஃப்ட் மேலே போனது. பால் சும்மா கிடந்தது. கைப்பைக்குள் போன் அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் எடுக்காவிட்டால் அம்மா பயந்துபோய்ப் பத்து தடவை அடிப்பாள்.

“ஏண்டி கோதை, முடிஞ்சுதா?”

“இன்னும் இல்லைம்மா.”

“அடுப்பு எந்தப் பக்கம் பாத்து இருக்கு?”

“கிழக்கு.”

“நல்லது. தண்ணி உப்பா, நல்ல தண்ணியா? லிஃப்ட் கரண்ட் போனா நின்னுடுமா? நடுவுல மாட்டிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?” அம்மாவின் குரலில் சின்னப்பெண் துள்ளல் இருந்தது. “பக்கத்து வீட்டு மரகதத்துக்கிட்ட சொல்லிட்டேன், இனிமே நான் படி இறங்க மாட்டேண்டின்னு. அவளுக்கு வயித்தெரிச்சல்.”

பூங்கோதை அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லவேண்டும் என்று முடிவு எடுத்துச் சொல்லவில்லை. அன்றைக்குப் பொய் வந்த மாதிரியே இன்றைக்கு நிஜமும் அவளைக் கேட்காமல் வந்தது. அவிட்டம், ஆறு மாத அடைப்பு, பெயர்த்த தரை, வயசானவங்களுக்குக் கொடுக்கிறதில்லை என்றது, எல்லாவற்றையும் தலையும் காலும் இல்லாமல் கொட்டி, “அதனால நீ தவறிட்டேன்னு சொல்லிட்டேம்மா” என்று முடித்தாள். அழுகைகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருத்தி முன்னால் அவ்வளவு வந்தது, இப்போது வேண்டிய இடத்தில் ஒரு சொட்டு இல்லை.

அந்தப் பக்கம் மாவு மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தாள். பெத்த வயிறு பத்தி எரியுதுடி என்பாள், உன்னைவிட உன் அண்ணனே மேல் என்பாள், போனை வைத்துவிடுவாள். திட்டினால் தேவலை. நன்றாகத் திட்டினால் இந்தக் கூச்சம் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும்.

“எப்போ செத்தேன்னு சொன்னே?” என்று அம்மா கேட்டாள்.

கோபமாக இல்லை. ஊருக்குப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

“தேதி சொல்லலைம்மா. இப்பத்தான் கேட்டாங்க. திதி, நட்சத்திரம் எல்லாம்.”

“அதானே, கேக்காம இருப்பாங்களா. அவங்க பயம் அவங்களுக்கு.” ஏதோ நகரும் சத்தம், முட்டியில் கை ஊன்றி எழுந்திருக்கும்போது வருகிற அந்த முனகல். “நீ பாட்டுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி, அது அடைப்பு நட்சத்திரமாப் போயிடப்போவுது. அப்புறம் அந்தம்மா உன்னை உள்ளேயே விடாது. இரு, போன வருஷத்துப் பஞ்சாங்கம் பீரோ மேலதான் இருக்கு.”

“அம்மா, வேணாம்மா.”

“சும்மா இரு. புரட்டாசின்னு வெச்சுக்குவமா? புரட்டாசியில போனா புண்ணியம்னு சொல்லுவாங்க.” பக்கம் புரளும் சத்தம். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டுகிறாள். பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்திருப்பாள், அது இல்லாமல் அம்மாவுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. “இது சதயம், வேண்டாம். இது பூரட்டாதி, அதுவும் ஆறு மாசம். இது கார்த்திகை நட்சத்திரம்... மூணு மாசம். இந்தா, சுவாதி. சுவாதிக்கு ஒண்ணும் கிடையாது. அடைப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை, போனோமா வந்தோமான்னு இருக்கும். செவ்வாக்கிழமை வேற இல்லை. எழுதிக்கிறியா?”

பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கவேண்டும் என்று தெரிந்தது, கை போகவில்லை. வெளியே லிஃப்ட் நின்றது, செருப்புச் சத்தம், குமுதா மேடம் மூக்குக்கண்ணாடியைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். பேனாவைப் பத்திரத்தின் மேல் வைத்தார். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, அடுப்பை அணைத்து, “பொங்கிடுச்சு, பாத்தியா, நல்ல சகுனம். வா வா, மணியாகுது. போன்ல யாரு?” என்றார்.

காதுக்குள் அம்மா மறுபடி கேட்டாள், “எழுதிக்கிட்டியாடி?”

“ஒரு நிமிஷம் இருங்க மேடம்,” என்றாள் பூங்கோதை. “எங்கம்மா பேசுறாங்க.”